ஸக்தா: ஒரு சொல்லும் மூளை உயிரணுவின் மரணமும்

அரபு நாடுகளின் மருத்துவமனைகளில் மூளைத்தாக்கு நோய்க்கு இன்றும் வழங்கும் பெயர் 'அஸ்ஸக்தத்துத் திமாகிய்யா'. வாயடங்கிப் போதல், ஓசையற்றுப் போதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. கிரேக்கர் இதே நோயை 'அப்போப்ளெக்ஸியா' என்றனர். அடித்து வீழ்த்தப்படுதல் என்று அதற்குப் பொருள். நம் முன்னோர் பாரிசவாயு என்றனர், பக்கவாதம் என்றனர். ஒரு சமூகம் மௌனத்தைக் கண்டது, ஒன்று அடியைக் கண்டது, ஒன்று உடலின் ஒரு பக்கத்தில் புகுந்த வாயுவைக் கண்டது. மூன்று பெயர்களிலும் இரத்தம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இந்நோயை விளங்கிக்கொள்ள மனித அறிவு நடந்த நெடும்பாதை முழுவதும் அந்த ஒரு குறையைத் தீர்ப்பதற்கான பயணமே எனலாம்.

இப்னு ஸீனா (980-1037) தம் 'அல்-கானூன் ஃபித் திப்' நூலின் மூன்றாம் பாகத்தில் தலையின் நோய்களைப் பேசுமிடத்தில் ஸக்தாவுக்கு இலக்கணம் கூறுகிறார். மூளையின் உள்ளறைகளிலும், உணர்வையும் அசைவையும் சுமந்து செல்லும் ரூஹின் வழிகளிலும் அடைப்பு ஏற்பட, உறுப்புகள் உணர்வும் இயக்கமும் அற்றுப்போவதே ஸக்தா என்பது அவர் கருத்து. பாதியுடல் தளர்வதாகிய ஃபாலிஜும், முகம் கோணுவதாகிய லக்வாவும் தனித்தனியே ஆராயப்பெறுகின்றன. அடைப்பு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, இன்றைய மருத்துவம் கண்டதனைத்தையும் இப்னு ஸீனா அன்றே கூறிவிட்டார் என மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது அப்பேரறிஞருக்குச் செய்யும் மரியாதை அன்று. அவர் கருதிய அடைப்பு பெரும்பாலும் கபம் முதலிய கழிநீர்களால் மூளையின் உள்ளறைகளில் நேர்வது. நாம் அறிந்த அடைப்போ இரத்தக் குழாயில் நேர்வது. தமக்கு முன்னிருந்த ஜாலீனூஸின் கோட்பாட்டுச் சட்டகத்துக்குள் நின்று அவர் சிந்தித்தார்.

அவருடைய உண்மையான பெருமை நோயாளியின் கட்டிலருகே வெளிப்படுகிறது. ஸக்தாவில் வீழ்ந்தவர் மூச்சும் நாடியும் புலப்படாமல் இறந்தவர் போலவே கிடக்கக்கூடும்; ஆகவே நிலை தெளிவாகும் வரை, எழுபத்திரண்டு மணி நேரமளவும், அடக்கத்தைத் தாமதிக்க வேண்டும் என்கிறார். ஜனாஸாவை விரைந்து அடக்குமாறு பணிக்கப்பட்ட சமுதாயத்தின் மருத்துவர் இதனை எழுதினார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஃபிக்ஹு நூல்களும், திடீர் மரணத்தில் ஐயமிருப்பின் மரணம் உறுதியாகும் வரை பொறுத்திருக்கவே கூறுகின்றன.

இரத்தத்தின் பாதை தெளியாமல் மேலே செல்ல வழியில்லை. 1242-இல் இப்னு நஃபீஸ், இதயத்தின் வலவறையிலிருந்து இடவறைக்கு இரத்தம் நேரே கசிவதில்லை, நுரையீரல் வழியாகவே செல்கிறது என எழுதினார். அவருடைய சுவடி 1924-இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவியின் கண்ணில் படும்வரை உலகம் அதனைப் பெரிதும் மறந்திருந்தது. 1628-இல் ஹார்வி முழுச் சுற்றோட்டத்தையும் நிறுவினார். அதற்கு முப்பதாண்டுகளுக்குப் பின், 1658-இல், ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌஸன் நகரத்து மருத்துவர் வெப்ஃபர், இந்நோயால் இறந்தோரின் மூளைகளை அறுத்துப் பார்த்து, அங்கே இரத்தம் கசிந்து தேங்கியிருப்பதைக் கண்டார். கழுத்திலிருந்து மூளைக்கேறும் தமனிகள் அடைபட்டாலும் இந்நோய் வரும் என்றும் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெர்லினில் விர்ச்சோ, இரத்தக்கட்டி உருவாவதையும் அது பெயர்ந்து சென்று வேறிடத்தை அடைப்பதையும் விளக்கினார். குழாயின் வரலாறு அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. உயிரணுவின் வரலாறு அதன் பிறகே தொடங்குகிறது.

மூளை உடலெடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஓய்வு நிலையில் உடல் செலவிடும் பிராணவாயுவில் அது ஐந்தில் ஒரு பங்கை உண்கிறது. ஆயினும் சேமிப்பு என்று ஏதும் வைத்திருப்பதில்லை, அன்றாடங்காய்ச்சி. நரம்பணு தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் சோடியத்தை வெளியே தள்ளுவதற்கும் பொட்டாசியத்தை உள்ளே வைத்துக்கொள்வதற்குமே செலவிடுகிறது. இவ்வேலையைச் செய்யும் புரதத்தை டென்மார்க்கின் ஸ்கோ 1957-இல் கண்டறிந்தார். இரத்தம் நின்றால் சில நிமிடங்களில் ஆற்றல் தீர்ந்து இந்த இறைப்பு நிற்கிறது. சோடியமும் அதைத் தொடர்ந்து நீரும் உட்புக, உயிரணு வீங்குகிறது. அதன் முனைகளிலிருந்து குளூட்டமேட் என்னும் பொருள் கட்டுக்கடங்காமல் வெளியே கொட்டுகிறது. நலமான வேளையில் ஓர் அணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்பும் தூதுப் பொருள் அது. இப்போது அதுவே நஞ்சாகிறது. அண்டையணுக்களின் வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அது தூண்டிவிடும் நொதிகள் அணுவின் சட்டகத்தையும் சவ்வையும் உள்ளிருந்தே அரிக்கின்றன. குளூட்டமேட் நரம்பணுக்களைக் கிளர்த்தியே கொல்லும் என்பதை அமெரிக்க அறிஞர் ஓல்னி எலிகளில் கண்டு 1969-இல் வெளியிட்டார். ஆக, அடைப்பு கொல்வது ஓரளவே. சாகும் அணுக்கள் அண்டை அயலாரையும் உடனழைத்துச் செல்கின்றன.

எல்லா அணுக்களும் ஒரே வேளையில் சாவதில்லை என்பதே இத்துறையின் பெருங்கண்டுபிடிப்பு. நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி லிட்டர் இரத்தம் இயல்பு. அது 20-க்குக் கீழிறங்கினால் அணு தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது, ஆனால் உயிரோடிருக்கிறது. 10-க்கும் கீழிறங்கினால்தான் சவ்வு தகர்ந்து மாள்கிறது. ஆஸ்ட்ரப், ஸைமன் முதலியோர் 1977-இல் பபூன் குரங்குகளில் இதனைக் காட்டினர். மாண்ட நடுப்பகுதியைச் சுற்றி, மௌனமாக ஆனால் உயிருடன் காத்திருக்கும் வளையத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் கிரகண வானியலிலிருந்து எடுத்த 'அரைநிழல்' என்பது. கிரகணத்தின் வடிவையும் நிழல்களின் இயல்பையும் பற்றித் தனித்தனி நூல்கள் இயற்றிய இப்னு ஹைத்தம் இவ்வுவமையை ரசித்திருப்பார். ஸக்தா என்ற பழஞ்சொல்லும் இவ்விடத்தில் எதிர்பாராத பொருத்தம் பெறுகிறது: மௌனம் வேறு, மரணம் வேறு.

அரைநிழலை மருந்தால் காக்கலாம் என்ற நம்பிக்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டன. எலிகளைக் காத்த மருந்துகள் மனிதரிடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. வென்றது எளிய வழியே: குழாயைத் திறத்தல். கட்டியைக் கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயன் தரும் என 1995-இல் நிறுவப்பெற்றது. 2008-இல் அக்கெடு நாலரை மணியாக நீண்டது. கசிவா அடைப்பா என உயிருள்ளவரிடமே பிரித்தறியும் ஸி.டி. ஸ்கேன் 1971-இல் வந்திராவிட்டால் இம்மருந்தைக் கொடுக்கவே துணிந்திருக்க முடியாது. கசிவுள்ளவருக்கு அது எமன். 2015-இல் குழாய்வழிச் சென்று கட்டியை இழுத்தெடுக்கும் முறை நிலைபெற்றது. 2018-இல், அரைநிழல் எஞ்சியிருப்பதைப் படத்தில் கண்டு தேர்ந்தெடுத்த சிலருக்கு இருபத்துநான்கு மணி நேரம் வரையிலும் அது பயனளிப்பது தெரிந்தது.

மதுரை - இராஜபாளையம் சாலையிலுள்ள டி. கல்லுப்பட்டியை வரலாறு அறிந்தோர் காந்தி நிகேதன் ஆசிரமத்தால் அறிவர். 1940-இல் கோ. வேங்கடாசலபதி நிறுவிய அவ்விடத்தில்தான் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். உயர் இரத்த அழுத்தம் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். மூளைத்தாக்கின் முதற்பெரும் காரணமான அந்த அழுத்தத்துக்கு, அவர் இங்கு வாழ்ந்த காலத்தில்தான் நம்பத்தக்க மருந்துகள் வரத்தொடங்கின. அவற்றுள் முன்னோடி நம் மண்ணின் சர்ப்பகந்தி வேர். ஹகீம் அஜ்மல் கானின் அழைப்பையேற்று தில்லி திப்பிய்யாக் கல்லூரியில் ஆய்வு நடத்திய ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி, அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த காரப் பொருளுக்கு 1931-இல் 'அஜ்மலின்' என அப்பெரியாரின் பெயரையே சூட்டினார். அழுத்தத்தைத் தணிப்பதில் அவ்வேரின் ஆற்றலை 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் (British Heart Journal) நிறுவிக் காட்டினார். யூனானி மரபும் நவீன வேதியியலும் கைகோத்த இவ்வரலாற்றை, நம்மவர் இப்னு ஸீனாவைச் சொல்லும் அளவுக்குச் சொல்வதில்லை.

பெருங்குழாய் அடைபட்ட நோயாளி ஒருவர் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறார் என அமெரிக்க மருத்துவர் ஸேவர் 2006-இல் கணக்கிட்டார். ஆளுக்கு ஆள் இது பெரிதும் வேறுபடும். கல்லுப்பட்டியிலிருந்து மதுரை சுமார் 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயணம் என்று கொண்டால் அந்தக் கணக்கின்படி 11 கோடிக்கு மேல் ஆகிறது. ஆயினும் சாலையில் கழியும் பொழுதைவிட, வாயுப்பிடிப்பாக இருக்கும், விடியட்டும், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என வீட்டுத் திண்ணையில் கழியும் பொழுதே பல வேளைகளில் நீளமானது.