ஒரு கணம் பிந்தியவர்கள்

வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு, மிஞ்சியவர்களின் கண்ணை நம்ப முடியாமல் போவதை வைத்து எத்தனையோ திகில் படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டை நான் எப்போதும் சேர்த்தே நினைக்கிறேன். ஒன்று, நிக்கோலஸ் ரோக் 1973இல் எடுத்த 'டோன்ட் லுக் நவ்'. மற்றது, கிம் ஜீ-வூன் 2003இல் எடுத்த கொரியப் படம் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்'. முன்னது குளிர்கால வெனிஸின் சந்துகளில் அலைகிறது. பின்னது ஏரிக்கரை வீடு ஒன்றுக்குள்ளேயே பெரும்பாலும் அடைந்து கிடக்கிறது. இரண்டின் முடிவையும் சொல்லாமல் இவற்றைப் பேச முடியாது என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இரண்டுமே ஏற்கெனவே இருந்த கதைகளிலிருந்து வந்தவை. ரோக்குக்கு மூலம் டாஃப்னி டு மாரியே எழுதிய கதை. அதில் குழந்தை மூளைக்காய்ச்சலில் இறந்துபோகிறது. படத்திலோ வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் மூழ்கிச் சாகிறது. கிம்முக்கு மூலம் ஜோசன் அரசமரபுக் காலத்து நாட்டுப்புறக் கதை. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் மூத்த மகளைக் குளத்தில் தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். துக்கம் தாளாத தங்கையும் அதே நீரில் விழுந்து உயிரை விடுகிறாள். இருவரும் ஆவியாகி, ஊருக்கு வரும் அதிகாரிகளிடம் நியாயம் கேட்டு நிற்கிறார்கள். பயத்திலேயே அதிகாரிகள் ஒவ்வொருவராகச் செத்துவிழ, துணிந்த ஒருவர் மட்டும் கேட்டு நீதி வழங்குகிறார். கொரியர்கள் பலமுறை படமாக்கிய இந்தக் கதையில், கிம் சாவைக் குளத்திலிருந்து எடுத்து, ஒரு படுக்கையறையின் துணி அலமாரியில் வைத்தார்.

ஒருவர் சாவை நீருக்குள் கொண்டுபோனார், இன்னொருவர் நீரிலிருந்து வெளியே எடுத்தார். எதிரெதிரான இந்த இரண்டு மாற்றங்களும் செய்யும் வேலை ஒன்றுதான். காய்ச்சலில் போன பிள்ளைக்காகப் பெற்றவர்கள் அழுவார்கள், ஆனால் பழி அவர்கள் மேல் விழாது. கூப்பிடு தூரத்தில் இருந்த குளத்தில் மூழ்கிய பிள்ளையென்றால், 'கொஞ்சம் முன்னால் ஓடியிருந்தால்' என்ற நினைப்பு கடைசிவரை விடாது. அதேபோல, பழைய கொரியக் கதையில் பழி முழுக்க மாற்றாந்தாயுடையது. படத்தில் அதில் அக்காவுக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. இரண்டு இயக்குநர்களும் மூலக்கதையில் இல்லாத ஒரு கணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். காப்பாற்றியிருக்கலாம் என்று தோன்ற வைக்கும் கணம் அது. படத்தில் கண் செய்யும் தப்பெல்லாம் அந்தக் கணத்தைச் சுற்றியே நடக்கிறது என்பது என் எண்ணம்.

ரோக்கின் முதல் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜான் பாக்ஸ்டர் வீட்டுக்குள் உட்கார்ந்து, வெனிஸ் தேவாலயம் ஒன்றின் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஸ்லைடில், பெஞ்சில் சிவப்பு உடுப்போடு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மகள் கிறிஸ்டின், பளபளக்கும் சிவப்பு மழைக்கோட்டில் குளக்கரையில் விளையாடுகிறாள். தம்ளர் சாய்ந்து ஸ்லைடில் தண்ணீர் கொட்ட, அந்தச் சிவப்பு கரைந்து படத்தின் குறுக்கே வளைந்து ஊர்கிறது. ஜான் தலையைத் தூக்குகிறார். கத்தல் எதுவும் கேட்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் எழுந்து ஓடுகிறார். நீருக்குள் இறங்கி மகளைத் தூக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஜானாக நடித்த டொனால்ட் சதர்லேண்டின் வாயிலிருந்து வரும் அந்த ஓலத்தை நடிப்பு என்று சொல்ல மனம் வருவதில்லை.

ஆக, ஜானுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பிந்திவிட்டார். வெனிஸ் போன பிறகு அவர் செய்வதெல்லாம், தனக்கு அப்படி ஒரு பார்வை இருப்பதை மறுப்பதுதான். உண்டென்று ஒத்துக்கொண்டால், அதை அன்றைக்கே நம்பியிருக்கலாமே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். தேவாலயத்தைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறவர், கல்லையும் சாந்தையும் நம்புகிறார். பழைய மொசைக்கில் விழுந்த ஓட்டைக்குப் பொருந்துமாறு புதுச் சில்லை ஒப்பிட்டுப் பார்க்கிறார். மனைவி லாராவோ, கண் தெரியாத ஹெதர் என்ற பெண்மணி 'உங்கள் மகள் உங்களோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்' என்ற பொருளில் சொன்னதைக் கேட்டு மயங்கி விழுந்து, எழுந்தபோது லேசாகிவிடுகிறாள். அவள் நம்பியது மெய்யா பொய்யா என்பதைவிட, அந்த நம்பிக்கை அவளைச் சாப்பிட வைக்கிறது, சிரிக்க வைக்கிறது என்பதைத்தான் ரோக் காட்டுகிறார். லாராவாக நடித்த ஜூலி கிறிஸ்டி இந்த மாற்றத்தை முகத்திலேயே கொண்டுவந்துவிடுகிறார்.

பிறகு, இங்கிலாந்தில் பள்ளியில் மகனுக்கு அடிபட்டு லாரா விமானமேறிப் போய்விட்ட நாளில், கால்வாயில் போகும் படகொன்றில் அவள் கறுப்பு உடையோடு நிற்பதை ஜான் பார்க்கிறார். பக்கத்தில் ஹெதரும் அவளுடைய சகோதரியும். இவர்கள் மனைவியைக் கடத்திவிட்டார்கள் என்று போலீசுக்கு ஓடுகிறார். லாராவோ இங்கிலாந்திலிருந்து போனில் பேசுகிறாள். ஜான் பார்த்தது பொய்யில்லை. தன்னுடைய சவ ஊர்வலத்தையே அவர் சில நாள் முன்னதாகப் பார்த்திருக்கிறார். கண் சரியாகத்தான் காட்டியது. அதற்குப் பொருள் சொன்ன மனம்தான் தப்பு செய்தது.

கிம்மின் படத்தில் இது அப்படியே தலைகீழ். அக்கா சூமி காண்பதில் பெரும்பகுதி இல்லாதது, ஆனால் அவள் அதை முழுக்க நம்புகிறாள். மருத்துவமனையிலிருந்து தங்கை சூயோனோடு வீடு திரும்புகிறாள். சித்தி உன்ஜூ வாசலில் செயற்கையான சிரிப்போடு நிற்கிறாள். சித்திக் கொடுமை, பயந்த தங்கை, அவளைக் காக்கும் அக்கா, வாய் திறக்காத அப்பா என்று நமக்கும் பழகிய வழியில் கதை போகிறது. ஒரு கட்டத்தில், தங்கைக்கு நடக்கும் கொடுமையைக் கேட்கச் சொல்லி சூமி அப்பாவிடம் மன்றாடுகிறாள். சூயோன் செத்துப்போய்விட்டாள் என்று அவர் சொல்கிறார். அந்த வீட்டில் அதுவரை அப்பாவும் சூமியும் மட்டும்தான் இருந்திருக்கிறார்கள். தங்கையை அவள் கற்பனை செய்திருக்கிறாள். சித்தியாகவும் அவளே நடந்திருக்கிறாள்.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இந்தப் படத்தின் கைத்திறம் தெரிகிறது. உன்ஜூவின் உடன்பிறந்தவனும் அவன் மனைவியும் விருந்துக்கு வரும் காட்சி அதற்குச் சாட்சி. உன்ஜூ தங்கள் சிறுவயதுக் கதைகளை உரக்கச் சிரித்துக்கொண்டே அடுக்குகிறாள். அவனோ சோற்றைப் பார்த்தபடி, அப்படி எதுவும் தனக்கு நினைவில்லை என்கிறான். முதல்முறை பார்க்கையில், அக்காளும் தம்பியும் ஏதோ பழைய மனத்தாங்கலில் இருப்பதாகத் தோன்றும். உண்மை தெரிந்து பார்த்தால் வயிறு கலங்கும். தன் எதிரே உட்கார்ந்து தன் சகோதரியாகப் பேசுவது மனம் பேதலித்த ஒரு சிறுமி என்பது அவனுக்குத் தெரியும். என்ன பதில் சொல்ல முடியும்? கிம் இங்கே பார்வையாளரை ஏமாற்றவில்லை. எல்லாம் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. அப்பாவின் களைத்த முகமும், அவர் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளும் அப்படித்தான்.

சூயோன் இறந்த கணம் கடைசியில் வருகிறது. தாய் அலமாரிக்குள் தூக்கில் தொங்குவதைக் கண்ட சூயோன் அவளைப் பிடித்து இழுக்க, அலமாரி அவள்மேல் சாய்கிறது. சத்தம் கேட்டு வந்த உன்ஜூ பார்த்துவிட்டு வெளியேறுகிறாள், பிறகு தயங்கித் திரும்புகிறாள். வழியில் எதிர்ப்பட்ட சூமி அவளிடம் எரிந்து விழுகிறாள். இந்தக் கணத்துக்காக நீ வருந்துவாய் என்ற பொருளில் உன்ஜூ சொல்ல, சூமி கோபத்தோடு வீட்டைவிட்டு வெளியே நடந்துபோகிறாள். உள்ளே தங்கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஜான் ஓடிவந்தும் பிந்தியவர். சூமி அதே கணத்தில் எதிர்த்திசையில் நடந்தவள். ஜான் இனி எதையும் பார்க்க மாட்டேன் என்கிறார். சூமி அந்த ஒன்றைப் பார்க்காமலிருக்க ஒரு வீட்டையே ஆட்களால் நிரப்புகிறாள்.

இந்த வேறுபாட்டிலிருந்தே இருவரின் திரைமொழியும் பிறக்கிறது. ரோக் வெட்டுகிறார். நாளைக்கு நடக்கப்போவது இன்றைக்கு நடுவில் வந்து விழுகிறது. மகளின் உடலைப் பார்த்த லாராவின் அலறல், வெனிஸில் துளைபோடும் கருவியின் இரைச்சலாக மாறுகிறது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர் ரோக். ரோஜர் கார்மனுக்காக அவர் ஒளிப்பதிவு செய்த 'தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்' படத்திலேயே சாவு சிவப்பு அங்கி போட்டு நடமாடியது. இங்கே அவர் சிவப்பைக் கோட்டிலும் பந்திலும் தூவி, நம் கண்ணையும் ஜானின் கண்ணைப் போல ஆக்கிவிடுகிறார். கிம் வெட்டுவதைவிட அடுக்குகிறார். பூப்போட்ட சுவர்த்தாள், கருத்த மரம், ஒரே மாதிரி உடுப்புகள் வரிசையாகத் தொங்கும் அலமாரி. எங்கேயும் இடைவெளி இல்லாத அந்த அழகே மூச்சு முட்ட வைக்கிறது.

குறை இரண்டிலும் உண்டு. ரோக்கின் படத்தில், ஜான் துரத்திப்போகும் சிவப்பு உருவம் திரும்பும்போது அது குள்ளமான ஒரு கிழவி, கையில் கத்தி. மகளின் உயரத்தில் சாவு நிற்கிறது என்ற எண்ணம் ஆழமானதுதான். ஆனால் உடற்குறை உள்ள ஒருவரின் முகத்தையே பயங்கரமாகக் காட்டும் பழைய கொடுமை அதில் இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கிம்மோ, எல்லாமே சூமியின் மனம் என்று காட்டிய பிறகும், உண்மையான உன்ஜூவைப் பழிவாங்க உண்மையான ஆவி ஒன்றையும் அனுப்புகிறார். விருந்துக்கு வந்த பெண்ணும் அடுப்படியில் ஒரு சிறுமியைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறாள். பேய்ப்படத்துக்குக் கொடுத்த காசு வீண்போகக் கூடாது என்ற கவலையாக இருக்கலாம். அதனால் உன்ஜூவின் பங்குக்குத் தண்டனை கிடைத்து, சூமியின் பங்கு சற்றே மங்கிவிடுகிறது.

ஆனால் துக்கத்தை இன்னொருவரோடு பகிர முடியாமல் போவதைக் காட்டுவதில் கிம்முக்கு இணை எனக்குத் தெரியவில்லை. ஜானுக்கும் லாராவுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு, அன்பு விட்டுப்போகவில்லை. அவர்களுடைய படுக்கையறைக் காட்சியை, பிறகு இருவரும் உடுத்திக்கொள்ளும் காட்சியோடு மாற்றி மாற்றி வெட்டியிருப்பது திரைப்படத்தில் தாம்பத்தியத்தைச் சொன்ன மிக நேர்மையான நிமிடங்களில் ஒன்று. சூமியின் அப்பாவும் ஒரு மனைவியையும் ஒரு மகளையும் இழந்தவர். ஆனால் மகள் செத்தவர்களை உயிரோடு வைத்திருக்கும் வீட்டில், அவருக்கு அழக்கூட இடமில்லை.

கிம்மின் கதையை ஹாலிவுட் 2009இல் 'தி அன்இன்வைட்டட்' என்று மறுபடி எடுத்தது. அதில் நாயகி, இல்லாத அக்காவைக் கற்பனை செய்வதோடு நிற்காமல், உண்மையிலேயே கொலைகள் செய்தவளாகிவிடுகிறாள். சித்தியாக வரவிருப்பவளோ குற்றமற்றவள். திருப்பம் பெரிதாகிவிட்டது. ஆனால் கொலைகாரியிடம் நாம் கேட்பது என்ன செய்தாய் என்றுதான். சூமியிடமும் ஜானிடமும் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சட்டம் தண்டிக்கும் எதையும் அவர்கள் செய்யவில்லை. ஒருவர் ஓடிவந்தார், ஒருத்தி கோபத்தில் வெளியே நடந்தாள். நம்மில் யாரும் எந்த நாளும் செய்யக்கூடியவை இவை. மறுஆக்கம் இதைத் தொலைத்ததால்தான், பார்த்து முடித்ததும் ஒரு புதிரின் விடை மட்டுமே கையில் மிஞ்சுகிறது.