இரு (வினைச்சொல்)

இரு என்பது தமிழில் மிகுதியாக ஆளப்படும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். ஓரிடத்தில் உள்ளமை, ஒரு நிலையில் உள்ளமை, உடைமை ஆகியவற்றை இது உணர்த்தும். ஆங்கிலத்தில் முதலிரண்டுக்கும் 'பி' என்னும் வினையும் உடைமைக்கு 'ஹேவ்' என்னும் வினையும் வழங்குகின்றன.

நிகழ்கால வடிவங்கள்

'இருக்கிறேன்' என்பதை இரு + க் + கிறு + ஏன் எனப் பிரிக்கலாம். இதில் 'கிறு' நிகழ்கால இடைநிலை. 'ஏன்' தன்மை ஒருமை விகுதி. ஆநின்று, கின்று, கிறு ஆகிய மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாகப் பவணந்தி முனிவரின் நன்னூல் (13ஆம் நூற்றாண்டு) கூறுகின்றது.

எழுவாய்க்கேற்ப விகுதி மாறும்: நான் இருக்கிறேன், நாங்கள் இருக்கிறோம், நீ இருக்கிறாய், நீங்கள் இருக்கிறீர்கள், அவன் இருக்கிறான், அவள் இருக்கிறாள், அவர் இருக்கிறார், அவர்கள் இருக்கிறார்கள், அது இருக்கிறது, அவை இருக்கின்றன. இறுதி வடிவத்தில் 'கின்று' மட்டுமே வரும். 'இருக்கிறன' என்னும் வழக்கு இல்லை. ஆங்கில 'பி' வினைக்கு நிகழ்காலத்தில் ஆம், இஸ், ஆர் என மூன்றே வடிவங்கள். அவற்றில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு தோன்றாது. 'வீட்டில் இருக்கிறாள்' என எழுவாயின்றியும் தமிழில் பொருள் விளங்குவது விகுதியால்தான்.

உடைமைப் பொருளில் இயைபு

மாணவர் இடறும் இடம் இதுவே. ஆங்கிலத்தில் உடையவரே எழுவாய். ஆதலால் 'ஐ ஹேவ்', 'ஷீ ஹேஸ்' என வினை உடையவரைப் பின்பற்றும். தமிழில் உடையவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்க, உடைமையே எழுவாயாகின்றது. எடுத்துக்காட்டாக, சுந்தரபாண்டியபுரத்து உழவர் ஒருவரைக் கொள்வோம். அவருக்குச் சூரியகாந்தி வயல் இருக்கிறது. நான்கு பசுக்கள் இருக்கின்றன. இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். உழவர் ஒருவரே; வினைமுற்றோ மூன்று. ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் 'ஹேஸ்' ஒன்றே போதும். 'எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' என்பதில் தன்மை விகுதி வராததும் இதனாலேயே. ஆங்கிலத்தில் எழுதும்போது தங்கையரின் எண்ணிக்கையை நோக்காது உடையவரை நோக்க வேண்டும்.

பெயர்ப் பயனிலை

'அவள் மருத்துவர்' என்னும் தொடருக்கு வினை வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' கட்டாயம். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'அவள் ஒரு மருத்துவராக இருக்கிறாள்' என எழுதுவது மொழிபெயர்ப்புகளில் பெருகிவிட்டது. பெரும்பாலான இடங்களில் அது தேவையற்றது.

வட்டார வழக்கு

தென்காசி, திருநெல்வேலிப் பகுதிப் பேச்சில் இருக்கான், இருக்கா, இருக்கு என வடிவங்கள் குறுகும். மதிப்பிற்குரிய ஒருவரை 'இருக்காக' அல்லது 'இருக்காவ' என்பர். பிற வினைகளில் 'சொல்லுதான்', 'செய்யுதேன்' போன்ற நிகழ்கால வடிவங்களும் இப்பகுதியில் கேட்கப்படும். அஃறிணையில் எண் வேறுபாடு பேச்சில் மறைந்துவிடும்: 'மாடு இருக்கு', 'மாடுக இருக்கு'. இது இவ்வட்டாரத்திற்கு மட்டும் உரியதன்று.

எதிர்மறை

இத்தனை விகுதிகளும் எதிர்மறையில் நீங்குகின்றன. நான் இல்லை, அவள் இல்லை, அவை இல்லை என எல்லா இடத்திற்கும் ஒரே வடிவமே வரும். 'உண்டு' என்பதும் இவ்வாறே. இவற்றை ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொதுவான குறிப்பு வினைமுற்றுகளாக இலக்கண நூலார் கொள்வர்.