அட்டையின் மறுபுறம்

மாணவர்களுக்கு உதவுவதற்கென்றே இன்டர்நெட்டில் இன்று பல தளங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை என்று பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக்கித் திரையிலே காட்டுகின்றன. 'பிளாஷ் கார்டு' என்று அதற்குப் பெயர். விரலால் தொட்டால் போதும், அட்டை புரண்டு விடை தெரியும். இவ்வளவு சௌகரியம் இருக்கும்போது அந்தத் தளங்களிலேயே இன்னொரு வசதியையும் காணலாம். வேண்டுமென்றால் அட்டைகளைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளலாம்! காகிதத்திலிருந்து திரைக்குப் போன பொருள் மறுபடியும் காகிதத்துக்குத் திரும்புவானேன்? கேள்வி வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் விடை சொல்ல வேண்டுமானால் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதையைக் கொஞ்சம் புரட்டியாக வேண்டும்.

கதையின் முதல் அத்தியாயத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் இருந்த பள்ளியின் பொறுப்பை 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். இந்த ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். உடனே தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அந்த அனுபவத்தை 1797-ல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

மறு வருஷம் லண்டனின் தென்பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பிள்ளைகளோ நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். புத்தகம் வாங்கத்தான் பணம் இல்லை. அவர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். ஒரு புத்தகத்தைப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். ஒரு கூட்டம் படித்துவிட்டு நகர்ந்ததும் அடுத்த கூட்டம் வந்து நிற்கும். இப்படியாக ஒரே புத்தகம் பள்ளிக்கூடம் முழுவதற்கும் போதுமானதாயிற்று. எழும்பூர் மணலும் லண்டன் அட்டையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம். அந்தத் தாயின் பெயர் வறுமை.

குழந்தையின் கைக்கு அடக்கமான அட்டைகளை வெளியிட்டவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஃபேவல் லீ மார்ட்டிமர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. எழுத்துக்களின் ஒலியைப் படிப்படியாகக் கற்பிக்கும் அட்டைத் தொகுதி ஒன்றை 1834-ல் அவர் கொண்டுவந்தார். இதே அம்மாள் அயல்நாட்டு ஜனங்களைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பூகோளப் புத்தகங்களும் எழுதினார். அவற்றில் தாட்சண்யம் என்பது மருந்துக்கும் கிடையாது. அந்த நாடுகளில் பெரும்பாலானவற்றை அவர் கண்ணால் கண்டதும் கிடையாது! பூகோளம் எப்படியானாலும், அட்டை விஷயத்தில் அவர் கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு சமயத்தில் ஒரு சிறு விஷயம், அது மனத்தில் பதிந்த பிறகே அடுத்தது என்ற முறை குழந்தைகளுக்குப் பிடித்துப்போயிற்று.

அட்டை எதனால் பலன் தருகிறது என்ற ரகசியத்தின் ஒரு நுனியைப் பிடித்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். மனிதருக்கு இருந்த பொறுமையை நினைத்தாலே நமக்குத் தலை சுற்றும். அர்த்தமே இல்லாத சுமார் 2,300 அசைகளைத் தயாரித்து வைத்துக்கொண்டார். அவற்றில் சிலவற்றை எடுத்து வரிசையாக நெட்டுருப் பண்ணுவார். பிறகு மறந்துபோகக் காத்திருப்பார். மறுபடியும் படித்து, எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுப்பார். பரீட்சை வைத்தவரும் அவரே, எழுதியவரும் அவரே. 1885-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, இருபது நிமிஷம் கழிவதற்குள்ளேயே முதல் உழைப்பில் நூற்றுக்கு 42 பங்கு போய்விட்டது. ஒரு நாளில் 66 பங்கு போயிற்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதோ, 79 பங்குதான் போயிருந்தது. அதாவது, மறதி ஆரம்பத்தில் குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிறது. பிறகு நொண்டி நடை போடுகிறது. ஒரேயடியாக உட்கார்ந்து உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டுப் பல நாள் படிப்பது மேலானது என்பதையும் அவர் கண்டார்.

அந்த இடைவெளியை ஒரு பெட்டிக்குள் அடைத்தவர் செபாஸ்டியன் லெய்ட்னர் என்ற பத்திரிகையாளர். 1972-ல் வெளியான தம் புத்தகத்தில் ஐந்து அறைகள் கொண்ட ஒரு பெட்டியை அவர் வர்ணித்தார். முதல் அறையின் அகலம் 1 சென்டிமீட்டர். அடுத்தவை 2, 5, 8, 14 சென்டிமீட்டர். விடை சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னாலோ, எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். பரமபதத்தில் பாம்பு வாயில் விழுந்த காய் மாதிரிதான்! பின் அறைகள் பெரியவை, நிறைய நாளாகும். ஆகவே, நன்றாகத் தெரிந்த விஷயம் எப்போதாவது கண்ணில் படும். தெரியாத விஷயம் தினமும் வந்து எதிரே நிற்கும்.

2005-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ஆல்பனி என்ற ஊரில், ஆண்ட்ரூ சதர்லாண்ட் என்ற பதினைந்து வயதுப் பையனுக்குப் பிரெஞ்சு வகுப்பில் 111 மிருகங்களின் பெயர்களை நெட்டுருப் போடும்படியாயிற்று. வீட்டில் தகப்பனார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தகப்பனார் என்றாலும் எத்தனை தடவைதான் கேட்பார்? அவருக்குப் பதிலாகக் கேள்வி கேட்கக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினான் பையன். 2007-ல் அது 'குவிஸ்லெட்' என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. கோடிக்கணக்கான பிள்ளைகள் அதை நாடி வந்தார்கள்.

இனி அச்சு விஷயத்துக்கு வருவோம். ஒரே தாளில் பல அட்டைகளை அச்சிட்டு வெட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தாளைத் திருப்பும்போது இடது வலதாகிவிடும். ஆகையால், விடைகளின் வரிசையை இடவலம் மாற்றித்தான் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும். தவறினால் யானைக்குப் பின்னால் குதிரை வந்துவிடும்! தாள் மெல்லியதாக இருந்தால் விடை நிழலாடும்; கொஞ்சம் கனமான தாளே உசிதம்.

இந்தச் சிரமமெல்லாம் எதற்கு? கையில் செல்போன் இருந்தால் பாடத்தோடு பத்து விருந்தாளிகளும் கூடவே வந்துவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், லங்காஸ்டர் காலத்துக் காரணம். 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, ஒரே போனை இரண்டு மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள் நம் நாட்டில் எத்தனையோ. அப்பா வேலைக்குக் கிளம்பினால் பள்ளிக்கூடமும் அவர் சட்டைப் பையில் கிளம்பிவிடும். எங்கேயோ ஒரு தடவை அச்சிட்டு வெட்டிய அட்டைக் கட்டுக்கோ கரண்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். அக்காள் படித்து முடித்தால் தம்பிக்கு ஆகும்.

ஆனால் காகிதமோ திரையோ, அட்டையின் பலன் ஒரு கணத்தில்தான் இருக்கிறது. அதைத் திருப்புவதற்கு முந்தின கணம் அது. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் நூற்றுக்கு 81 சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56-ல் நின்றார்கள். பழகிய வரிகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதுபோல் மனம் ஏமாந்துவிடுகிறது. விடை மறைந்திருக்கும்போது தேடித் திணறுகிற மனமே சம்பாதிக்கிறது.

அந்தத் திணறலைச் சகிக்காமல் குழந்தை அட்டையைத் திருப்பத்தான் பார்க்கும். பெரியவர்களும் அப்படித்தான். எதிரே ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்லை, யோசித்துச் சொல்லு" என்று உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அப்படி உட்காருகிறவருக்குப் பிரெஞ்சும் தெரிய வேண்டாம், ரசாயனமும் தெரிய வேண்டாம். விடைதான் அவர் பக்கத்தில் அச்சாகியிருக்கிறதே! கம்ப்யூட்டர் அந்த அமெரிக்கத் தகப்பனாருக்கு விடுதலை கொடுத்தது. காகிதத்தில் வெட்டிய அட்டையோ நம் வீட்டுத் தகப்பனாரையும் தாயாரையும் மறுபடி குழந்தைக்கு எதிரே கூப்பிட்டு உட்கார வைக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தை எந்தத் தளத்திலிருந்தும் அச்சிட்டு எடுக்க முடியாது. நாமேதான் கொடுக்க வேண்டும்.