காவலும் களவும்: எதை முன் எழுதுவது?

சமூகக் கட்டுப்பாட்டை விளக்க முனையும் அறிஞர்கள் எப்பத்தியை முன்வைக்கிறார்களோ, பெரும்பாலும் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. அச்சன்புதூர் முதலிய மலையடிவார ஊர்களைக் கொண்ட பழைய திருநெல்வேலிச் சீமையின் காவல்முறை இதற்குச் சான்று.

காவல்காரர் குடிகளிடம் தானியமாகவோ பணமாகவோ கூலி பெற்றார். களவுபோன பொருளை மீட்டுத்தர வேண்டும். இயலாவிடில் ஈடுசெய்ய வேண்டும். கூலி மறுத்த ஊரில் காவல்காரரே களவாடியதும் உண்டு. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஆங்கிலேய அலுவலர் எழுதியவற்றுள் பல, முதலில் சாதியையும், அடுத்து அதன் களவையும், பின்னரே கூலியையும் பேசுகின்றன. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினி அவர்தம் காவல் அதிகாரத்தைப் பறித்த செய்தி இடையில் கரைந்துபோகிறது. இவ்வரிசையில் படிப்போர்க்கு, 1871இல் வடபுலத்திற்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்தையும் தழுவியது இயல்பாகவே தோன்றும்.

இப்னு கல்தூன் 1377இல் முகத்திமாவை வரைந்தபோது கொண்ட வரிசை வேறு. மனிதன் தனித்து வாழ இயலான். கூடி வாழ்ந்தால் ஒருவர்மேல் ஒருவர் பாய்வர். ஆகவே தடுப்பவர், அதாவது 'வாஸிஉ', தேவை. அதன் பின்னரே நாடோடி வாழ்வு, அஸபிய்யா என்னும் குழுப்பற்று, ஆட்சி, நகரம், தொழில், கல்வி எனச் செல்கிறார். தேவை முன்னே, அதிகாரம் பின்னே.

காவலையும் இவ்வாறு எழுதலாம்: கூலி, பொறுப்பு, 1801, அதன் பின் களவு. நிகழ்ச்சிகள் மாறா, களவு குலத்தின் இயல்பு என்பது மட்டும் ஆட்டங்காணும். சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947இல் நீக்கியது. அதுவரை, முன்னாள் காவல்காரர் குலங்கள் சிலவற்றில் பதிவுசெய்யப்பட்டோர் இரவில் காவல் நிலையம் சென்று தம்மைக் காட்ட வேண்டியிருந்தது.