கழுத்துத் தகரமும் கடைசி எழுத்தும்

இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்து வரும் மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டுவன. பெண்ணாயின் அத்தொகையுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து வயதைக் கண்டுபிடிப்பது நம்மவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆனால் கடைசி எழுத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. அது 'வீ' என்றிருந்தால், அட்டை வழங்கப்பட்ட வேளையில் அவர் வாக்களிக்கும் தகுதி பெற்றவர். 'எக்ஸ்' என்றிருந்தால் அத்தகுதி இல்லாதவர். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தவர்களிற் பெரும்பாலானோர் தம் வாழ்நாளில் அந்த 'எக்ஸ்' எழுத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். மலையகத்தில் அது தெரிந்த எழுத்து.

மலையகத் தமிழர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலும் அது தலைவர்களின் வரலாறாகவும் ஒப்பந்தங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டதேயன்றி, ஒரு குடும்பம் தன்னை அரசுக்கு நிரூபிக்கப் பட்டபாட்டின் வரலாறாக எழுதப்பட்டது குறைவு. அந்தப் பாட்டைத்தான் இங்கு சொல்ல விழைகிறேன்.

முதலில் ஒரு விடயத்தை நினைவிற் கொள்ளவேண்டும். இம்மக்கள் இலக்கமில்லாமல் இந்நாட்டுக்கு வந்தவர்களல்லர். 1901ஆம் ஆண்டில் 'டின் டிக்கட்' என்றொரு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துரை அரசாங்கத்திடமிருந்து சிறு தகர வில்லைகளைப் பெற்றுக் கங்காணியிடம் கொடுத்தனுப்புவார். தோட்டத்தின் பதிவிலக்கமும் ஆளுக்குரிய தொடரிலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தமிழகக் கிராமத்தில் ஆள் சேர்க்கும் கங்காணி, சேர்ந்தவரின் கழுத்தில் அதனைக் கட்டிவிடுவார். வழிச்செலவு முழுவதும் அந்த இலக்கத்தின் பேரில் தோட்டத்துக் கணக்கில் ஏறும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிய பின்னர், மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, நோயில்லையென உறுதிசெய்யப்பட்ட பின்பே குடும்பங்கள் கப்பலேறின. எந்த ஊரார், எந்தத் தோட்டத்துக்குப் போகின்றார், எந்தக் கங்காணியின் ஆள் என்பதெல்லாம் பதிவேடுகளில் இருந்தன. தோட்டத்துக்கு வந்ததும் பெயர் செக்ரோலில் ஏறும். ஒவ்வொரு நாளும் காலைப் பிரட்டில் அப்பெயர் கூப்பிடப்படும். இந்நாட்டின் வேறெந்த மக்கட் பிரிவினரும் இவ்வளவு நுணுக்கமாக எண்ணப்பட்டதும் எழுதப்பட்டதும் கிடையாது. பிற்காலத்தில் இவர்களைத்தான் 'கள்ளத்தோணி' என்று அழைத்தார்கள்!

பதிவேடுகள் இருந்தன என்றேன். அவை யார் கையில் இருந்தன என்பதுதான் பின்னால் எழுந்த சிக்கல். செக்ரோல் துரையினுடையது. கப்பற் பதிவு அரசாங்கத்தினுடையது. தொழிலாளியின் லயத்துக் காம்பராவில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தேவைப்படவுமில்லை.

1948 நவம்பர் 15ஆம் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது தேவைப்பட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கு பிறந்தவராக இருக்கவேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கு பிறந்தவர்களாக இருக்கவேண்டும். இது எல்லோருக்கும் பொதுவான விதியாகவே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. பிறப்புப் பதிவு இந்நாட்டில் தொடங்கியதே 1867இல்தான். அப்படியாயின் பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டக்கூடிய சிங்களக் கிராமத்தவரோ யாழ்ப்பாணத்தவரோ எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. சட்டம் பொதுவானது, கேள்வி மட்டும் தோட்டத்தவருக்கானது. சட்டத்தை எழுதியவர்களின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது.

வம்சாவளியை நிரூபிக்க முடியாதவர்களுக்கு வழிசெய்வதாகச் சொல்லி 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை)ச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டுகளும் மணமாகாதவர் பத்தாண்டுகளும் இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும். அதன் பின்னும் விண்ணப்பிக்கும் நாள்வரை வசித்திருக்க வேண்டும். ஒரு தடவையேனும் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும்.

இந்த விதி குடும்பத்தைப் பிடித்த பிடிதான் கொடியது. விண்ணப்பிப்பவர் மட்டுமன்றி, அவருடைய மனைவியும் திருமணமாகி ஓராண்டு முடிவதற்குள் இங்கு வந்து தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் வசிப்பு நிபந்தனை இருந்தது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு போவது தமிழர் வழக்கம். திருச்சிப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போன பெண், யுத்தகாலத்துப் போக்குவரத்துத் தடைகளால் பதினான்கு மாதங்கள் கழித்துத் திரும்பியிருந்தால், கணவன் முப்பது வருடம் இறப்பர் பால் வெட்டியிருந்தும் பயனில்லை. அவள் திரும்பிய நாளை யாரால் நிரூபிக்க முடியும்? துரையின் செக்ரோலால் முடியும். துரை மனம் வைத்துப் பிரதி கொடுத்தால் உண்டு. பழைய ஏடு கறையான் அரித்துவிட்டது என்று சொன்னால் இல்லை.

உண்மையில் இவ்வளவு விசாரணைக்கு அவசியமே இருக்கவில்லை என்பது என் கருத்து. 1939 ஓகஸ்டில் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலுக்காக இலங்கைக்கு ஆட்கள் செல்வதைத் தடைசெய்தது. அதன்பின் புதிய ஆள்சேர்ப்பு நின்றுபோயிற்று. ஆகவே 1949இல் தோட்ட லயங்களில் இருந்தவர்களிற் பெரும்பாலோர் பத்தாண்டுகளாயினும் இங்கு இருந்தவர்கள், அல்லது இங்கேயே பிறந்தவர்கள். ஒரே வரியில் ஏற்றுக்கொண்டிருக்கக்கூடிய இவ்வுண்மையை, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே நிரூபிக்க வேண்டுமென்று சட்டம் பணித்தது.

விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. இறுதி நாள் 1951 ஓகஸ்ட் 5. தொடக்கத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் இச்சட்டத்தைப் பகிஷ்கரிக்கும்படி கூறியது. கௌரவமான நிலைப்பாடுதான், ஆனால் விலைமதிப்பற்ற மாதங்கள் அதில் கரைந்தன. முடிவு மாற்றப்பட்டபின், கடைசிக் காலத்தில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், சுமார் 825,000 பேருக்காக. அவர்களில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. பரிசீலனை முடிய ஆண்டுகள் பல கழிந்தன.

இதற்கிடையில் வாக்குரிமை போயிற்று. 1947 பொதுத்தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரஸால் 1952இல் ஒருவரைத்தானும் அனுப்ப முடியவில்லை. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடாக்கன்பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953இல் தோற்றது. சட்டத்தின் சொற்களில் பாரபட்சம் இல்லையே என்பது அங்கிருந்த நீதியரசர்களின் பார்வை.

1964 ஒக்டோபர் 30இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் யாவரும் அறிந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த எச்சமும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதமாவதற்குள் புயலில் தனுஷ்கோடி அழிந்ததால், திரும்பிப் போனவர்கள் தம் முன்னோர் கப்பலேறிய துறையைக்கூடக் காணவில்லை; அவர்கள் இறங்கியது இராமேஸ்வரத்தில். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்து, தாய் யாரோடு இருப்பதென்று தெரியாமல் நின்ற குடும்பங்களின் கதைகள் மலையகச் சிறுகதைகளில் போதுமான அளவு பதிவாகியுள்ளன; நான் அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து அடையாள அட்டைகள் வழங்கப்படலாயின. கிராமத்தில் உள்ளவரின் விண்ணப்பத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் உள்ளவருக்கு அதைச் செய்பவர் தோட்ட அத்தியட்சகர், அதாவது துரை. கழுத்தில் தகரம் கட்டுவித்த அதே பதவிக்கு, எழுபது ஆண்டுகளின் பின்னும் ஒருவர் யார் என்று சொல்லும் அதிகாரம் இருந்தது. நாடற்றவராகக் கணிக்கப்பட்டவருக்கு அட்டை கிடைத்தாலும் இலக்கத்தின் முடிவில் அந்த 'எக்ஸ்' ஒட்டிக்கொண்டு வந்தது. பலருக்கு அட்டையே கிடைக்கவில்லை. 1983க்குப் பின்னர் யுத்தம் உக்கிரமடைந்து சோதனைச் சாவடிகள் முளைத்தபோது, கொழும்புக் கடைகளில் வேலைக்கு வந்த தோட்டத்து இளைஞர்களுக்கு அட்டை இல்லாமை அரசியல் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. அன்றிரவைப் பொலிஸ் நிலையத்தில் கழிப்பதா இல்லையா என்ற பிரச்சினையாகவும் இருந்தது.

1986இல் ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் 506,000 பேர்தான் என்று தெரிந்தது. 975,000இல் அதைக் கழித்தால் வருவது 469,000. இலங்கை ஏற்கெனவே ஒப்புக்கொண்டது 375,000. மீதி 94,000 பேரையும் இலங்கையே ஏற்பதென 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு தைப்பொங்கலன்று தோட்டங்களில் தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டம் இல்லாதிருந்தால் இந்தக் கழித்தற்கணக்கு இன்னும் தாமதித்திருக்கும். 1988இல் மற்றொரு சட்டம் சத்தியக்கடதாசியின் அடிப்படையில் பிரஜாவுரிமை வழங்க இடமளித்தது. இருந்தும், இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்று, 1984இல் கப்பல் நின்றுவிட்டதால் போகமுடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களும் அவர்தம் பிள்ளைகளும் எந்தச் சட்டத்துக்குள்ளும் அகப்படாமல் நின்றனர்.

2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கானது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் பிரஜைகளாகலாம் என்பது அதன் சாரம். பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்படவில்லை; பிரகடனப் படிவமொன்றை நிரப்பிக் கையொப்பமிட்டால் போதும். அவ்வாண்டின் இறுதியில், ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியுடன் தோட்டங்கள்தோறும் நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டுப் பத்து நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக 'சிக்கலானது' என்று சொல்லப்பட்ட காரியம் பத்து நாளில் நடந்தது.

செய்தி சேகரிக்க நானும் போயிருந்தேன். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். படிவத்தை நீட்டிய தொண்டரிடம் அவர் கேட்டது இது: "கைநாட்டு வச்சா கப்பல்ல ஏத்திற மாட்டாங்களே தம்பி?"

"இல்ல அம்மாயி, இது இங்கயே இருக்கிறதுக்குத்தான்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தபிறகே விரலை மையில் தொட்டார். கப்பல் நின்று அப்போது பத்தொன்பது ஆண்டுகள்.

பிரஜாவுரிமை கிடைத்த உடனே அட்டை கிடைத்துவிடவில்லை. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர், பதிவாளர் சிங்களத்தில் எழுதிய பெயர், பாடசாலையில் தமிழில் எழுதிய பெயர் என ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. ராமாயி ஓரிடத்தில் ராமையா ஆகியிருப்பார். அதைத் திருத்த இன்னொரு சத்தியக்கடதாசி, நகரத்துக்கு இன்னொரு பயணம், ஒரு நாட் பெயர் இழப்பு. 1978 அரசியலமைப்பின் 26ஆவது உறுப்புரை வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேறுபாட்டை ஒழித்துவிட்டது என்பதைக் கேள்விப்படாத கந்தோர்களும் இருந்தன. அரசாங்க வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளையிடம் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழின் இலக்கத்தைக் கேட்டு, அதைத் தேட வைத்தார்கள்.

2016 முதல் புதிய அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள்; எழுத்து இல்லை. முகவரி என்றொரு வரி அதிலும் உண்டு. பல தோட்டங்களில் ஒரு டிவிசனில் உள்ள எல்லா லயத்துக் குடும்பங்களுக்கும் அந்த வரி ஒன்றேதான், வீட்டிலக்கம் கிடையாது. கடிதங்கள் இன்னமும் தோட்டக் கந்தோருக்குத்தான் வருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த மறுநாள் கைக்குக் கிடைத்ததாகச் சொல்லும் இளைஞர்களை நான் ஒவ்வொரு முறை மலையகம் போகும்போதும் சந்திக்கிறேன்.