3 சென்ட் மனையில் பழமரம்: எது குட்டையாக நிற்கும், எது கூரையைத் தொடும்?

மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் மரம் என்றாலே தென்னை, மா, இலவம் என்று ஏக்கர் கணக்கில்தான் பேச்சு. ஆனால் புதுசா வீடு கட்டுறவங்க கையில் இருப்பது 3 சென்ட், 4 சென்ட் மனை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வீடு, செப்டிக் டேங்க், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் போக, பின்னாடி 20-க்கு 15 அடி மிஞ்சினாலே பெரிய விஷயம்.

அந்த இடத்தில் தப்பான மரத்தை வைத்துவிட்டால் உடனே தெரியாது. நாலைந்து வருஷம் தண்ணீர் ஊற்றி, காய்க்கத் தொடங்கும் நேரத்தில்தான் கிளை மின்கம்பியைத் தொடும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார். கடைசியில் மரத்தை வெட்ட வேண்டியதுதான்.

நர்சரியில் 'குட்டை ரகம்' என்றால் நம்பலாமா?

பாதி நம்பலாம். ஒரு மரம் சின்னதாக நிற்பது மூன்று விஷயங்களால்: அதன் ரகம், அது ஒட்டுக் கட்டப்பட்ட அடிக்கன்று, நம் கையில் இருக்கும் கவாத்துக் கத்தரி. இங்கிலாந்தில் ஆப்பிளுக்கு எம்-9 என்ற அடிக்கன்று உண்டு. அதன் மேல் எந்த ஆப்பிளை ஒட்டினாலும் ஆள் உயரத்துக்குச் சற்று மேல்தான் வளரும். நம்ம மா, கொய்யா, சப்போட்டாவுக்கு அப்படி ஒரு அடிக்கன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வெள்ளைக்கொழும்பான் மாங்கன்றின் மேல் ஒட்டினால் சில மா ரகங்கள் குட்டையாகின்றன என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நர்சரிக் கன்றில் அடிக்கன்று எது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் இங்கே ரகமும் கத்தரியும்தான் நம்பிக்கை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 'சீக்கிரம் காய்க்கும்' என்பதும் 'சின்ன மரம்' என்பதும் ஒன்றல்ல. வியட்நாம் சூப்பர் ஏர்லி பலா இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கலாம். கவாத்து செய்யாமல் விட்டால் அதுவும் பலா மரம்தான். ஒட்டு நாவலும் அப்படியே. தொட்டியில் ரெண்டு காய் தொங்குற கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மாமரம் வேண்டுமே, என்ன செய்வது?

சாதாரண மா தோப்பில் மரத்துக்கு மரம் 10 மீட்டர், அதாவது 33 அடி இடைவெளி விடுவார்கள். நம்ம மனையே அவ்வளவு அகலம் இருக்காது. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து தேர்வு செய்த பையூர் 1 குட்டையானது, நெருக்கி நட ஏற்றது. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆம்ரபாலி, தசேரிக்கும் நீலத்துக்கும் பிறந்த கலப்பு. இதை 2.5 மீட்டர் இடைவெளியில்கூட நடலாம், வருஷம் தவறாமல் காய்க்கும். ஒரே ஒரு மாமரம் என்றால் இந்த இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். இமாம்பசந்த் ஆசையை தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் விட்டுவிடலாம்!

மாவில் கவாத்துக்கு நேரம் முக்கியம். அறுவடை முடிந்த கையோடு வெட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நுனியை வெட்டினால் தை, மாசியில் வர வேண்டிய பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

சின்ன இடத்துக்கு முதல் தேர்வு எது?

கொய்யா. இது புதுசாக விடும் துளிரில்தான் பூக்கும். அதனால் வெட்ட வெட்ட மரமும் அடங்கும், காயும் கூடும். லக்னோவில் உள்ள மத்திய தோட்டக்கலை நிறுவனம் கொய்யாவை 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில் நட்டு, கவாத்து செய்தே புதர்போல வைத்துக் காட்டியிருக்கிறது. கன்று இரண்டு அடி வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலு பக்கமும் போகும் மூன்று நான்கு கிளையை மட்டும் விடுங்கள். பிறகு செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் நுனிக் கிளைகளைக் குறைத்தால் போதும். கை எட்டும் உயரத்திலேயே நிற்கும். லக்னோ 49 ரகம் பல நர்சரிகளில் கிடைக்கிறது. மழைக்காலத்தில் பழ ஈ வரும். கீழே விழுந்த பழத்தை அன்றே பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும்.

அடுத்தது சீத்தா. கரட்டிலும் புஞ்சை ஓரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளரும் மரம் இது. மயிலாடும்பாறை வழியாக ஓடும் மூல வைகை வருஷம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. கோடையில் மணலாகத்தான் கிடக்கும், கிணறும் இறங்கிவிடும். அந்த மாதங்களில் சீத்தா இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும், மழை வந்ததும் துளிர்க்கும். அருப்புக்கோட்டையில் வெளியிட்ட ஏபிகே 1 மானாவாரிக்கே ஏற்றது.

மாதுளையும் வறட்சி தாங்கும், 10 அடி இடம் போதும். ஆனால் ஒரு வாரம் காயவிட்டு, அப்புறம் குடம் குடமாய் ஊற்றினால் பழம் வெடிக்கும். கொஞ்சமாக, ஆனால் ஒரே சீராக ஊற்ற முடிகிறவர்களுக்கு இது சரி. எலுமிச்சையும் வைக்கலாம். பிள்ளைகள் ஓடுற பாதையில் மட்டும் வேண்டாம், முள் இருக்கிறது.

சப்போட்டாவில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வளாகத்தின் ரகங்கள் நம்ம மாவட்டத்துச் சொத்து. பிகேஎம் 3 பக்கவாட்டில் பரவாமல் தூண் மாதிரி மேலே போகும். இடம் குறைவு என்றால் நல்லது, மேலே மின்கம்பி போகிறதென்றால் வேண்டாம்.

பப்பாளியை மரக்கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போகும், 6 அடி இடைவெளி போதும். கோ 7, ரெட் லேடி மாதிரி ஆண் மரமே வராத ரகமாக வாங்குங்கள். வீட்டில் வைப்பதே ரெண்டு கன்று, அதில் ஒன்று ஆணாகப் போனால் என்ன செய்வது?

20-க்கு 15 அடியில் எத்தனை வைக்கலாம்?

நாலு. சுவரிலிருந்து 4 அடியாவது தள்ளி, நீளவாக்கில் 10 அடியும் அகலவாக்கில் 7 அடியும் இடைவெளி விட்டால் அவ்வளவுதான் வரும். கொய்யா, சீத்தா, மாதுளை, எலுமிச்சை என்று வைக்கலாம். மா வேண்டுமென்றால் நாலில் ஒன்றை விட வேண்டும். மூலையில் ஒரு பப்பாளி. செப்டிக் டேங்க் பக்கத்தில் எதுவும் வேண்டாம். 'இன்னும் ஒண்ணு வெச்சா என்ன' என்று தோன்றும். ஆறாவது மரம் வைத்தால் நிழல் விழுந்து, ஐந்தும் காய் குறையும்.

கன்று வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மா, சப்போட்டா என்றால் ஒட்டுக் கன்றுதான். கொட்டையிலிருந்து வந்த கன்று தாய் மாதிரி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, காய்க்கவும் தாமதமாகும். ஒட்டுக் கட்டிய இடம் தழும்பாகத் தெரியும். அதற்குக் கீழே துளிர்த்திருந்தால் அது அடிக்கன்றின் துளிர், கிள்ளிவிட வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்த பழைய கன்று எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம். பெரியகுளம் கல்லூரி நர்சரியில் கேட்டால் ரகப் பெயர் உறுதியாகத் தெரியும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

நட நல்ல நேரம், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர். கொய்யாவுக்கு ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி போதும். மா, சப்போட்டாவுக்கு மூன்று அடி. மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே அரை அடி தெரியும்படி நடுங்கள். காற்று அடிக்கும் ஊர் என்பதால் குச்சி கட்டுவது அவசியம். கோடைக்கு முன்னால் அடியில் தென்னை மட்டையோ சருகோ பரப்பிவிட்டால் தண்ணீர் மிச்சமாகும். முதல் வருஷம் வரும் பூவை மட்டும் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.