பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவர் குடியேறியா?

1908 ஜனவரி. ஹாங்காங் பக்கத்திலிருந்து வந்த ஒரு கப்பல் மெல்பர்ன் துறைமுகத்தில் நிற்கிறது. அதில் முப்பத்தோரு வயசு ஆள் ஒருத்தர். பார்த்தால் சீனர், பேசுவதும் சீன மொழிதான். கையில் விக்டோரியா மாநிலத்தில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதில் பெயர் ஜேம்ஸ் மினஹன். சுங்க அதிகாரி ஒரு பேப்பரையும் பேனாவையும் நீட்டுகிறார். "நான் வாசிக்கிறதை எழுது."

மினஹனால் எழுத முடியவில்லை. உடனே அவர் 'தடை செய்யப்பட்ட குடியேறி' ஆகிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக நடந்த கேஸ்தான் இன்னிக்கு நாம பேசப்போறது. அதைவிட, அந்தக் கேஸைக் கேட்ட நீதிபதிகள் யார் என்பதுதான் எனக்கு சுவாரஸ்யம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நமக்கு ஹைகோர்ட் என்றால் மாநிலத்துக்கு ஒண்ணு, பாரிமுனையில் இருக்கிற சிவப்புக் கட்டடம். அதுக்கு மேலே டெல்லியில் சுப்ரீம் கோர்ட். ஆஸ்திரேலியாவில் இது தலைகீழ். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சுப்ரீம் கோர்ட், எல்லாத்துக்கும் மேலே நாட்டுக்கே ஒரே ஒரு ஹைகோர்ட். ஆறு பிரிட்டிஷ் காலனிகள் சேர்ந்து 1901 ஜனவரி 1 அன்று ஒரே நாடு ஆனாங்க. ஹைகோர்ட் வருவதற்கு மேலும் இரண்டரை வருஷம் ஆனது. இவ்வளவு செலவு பண்ணி இன்னொரு கோர்ட் எதுக்கு என்று பாராளுமன்றத்திலேயே சண்டை. கடைசியில் ஐந்து நீதிபதிகள் கேட்ட இடத்தில் மூணு பேர்தான் கிடைத்தார்கள். 1903 அக்டோபர் 6 அன்று மெல்பர்னில் முதல் அமர்வு. சொந்தக் கட்டடம் கிடையாது. விக்டோரியா மாநிலக் கோர்ட்டின் ஒரு அறையில்தான் உட்கார்ந்தார்கள்.

அந்த மூணு பேரைக் கவனிங்க. தலைமை நீதிபதி சாமுவேல் கிரிஃபித், குவீன்ஸ்லாந்தின் முன்னாள் பிரதமர் (காலனி காலத்தில் ஒவ்வொரு காலனிக்கும் ஒரு பிரதமர் இருந்தார்). 1891-இல் அரசியல் சட்டத்தின் முதல் வரைவை எழுதியதில் பெரும் பங்கு இவருடையது. ஓய்வு நேரத்தில் தாந்தேயை இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர். இரண்டாவது ஆள் எட்மண்ட் பார்ட்டன், ஆஸ்திரேலியாவின் முதல் பிரதம மந்திரி. அந்தப் பதவியை விட்டுட்டு நேரா நீதிபதி நாற்காலிக்கு வந்தார். மூன்றாவது ரிச்சர்ட் ஓ'கானர், பார்ட்டன் அரசாங்கத்தின் சார்பில் செனட்டை நடத்தியவர். சட்டத்தை எழுதினவங்களே அதுக்கு அர்த்தம் சொல்ல வந்து உட்கார்ந்திருக்காங்க. இன்றைக்கு இப்படி நடந்தால் டிவியில் ஒரு வாரம் டிபேட் ஓடும்.

அரசாங்கத்துக்கு இவங்க வளைஞ்சு கொடுத்தாங்களான்னா, அதுவும் இல்லை. 1905-இல் ஜோசையா சைமன் என்ற அட்டர்னி ஜெனரல், நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் அமர்வு நடத்தும் பயணப்படியைக் குறைத்தார். புத்தக அலமாரிச் செலவு வரைக்கும் கடிதச் சண்டை நடந்தது. நீதிபதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மெல்பர்ன் அமர்வையே ஒத்திவைத்தார்கள். கிட்டத்தட்ட ஸ்ட்ரைக். சில மாதங்களில் அரசாங்கம் கவிழ்ந்தது. புதுசா வந்த அட்டர்னி ஜெனரல் ஐசக் ஐசக்ஸ் விஷயத்தைச் சமாதானமாக முடித்தார். அடுத்த வருஷம் நீதிபதிகள் எண்ணிக்கை ஐந்தாக உயர்ந்தபோது, புதிய இரண்டு பேரில் ஒருத்தர் இதே ஐசக்ஸ். இன்னொருத்தர் ஹென்றி ஹிகின்ஸ்.

சரி, அந்த 'எழுது' பரீட்சைக்கு வருவோம். 1901-இல் புதிய பாராளுமன்றம் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே விடக்கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் அதை அப்படியே எழுத லண்டன் விடவில்லை. இந்தியாவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இருக்கிறது, ஜப்பானோடு நட்பு வேண்டும், அதனால் நிறத்தின் பெயரைச் சொல்லாமல் தடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழி எங்கிருந்து வந்தது? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து. அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யப் போனவர்களில் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்கள் ஏராளம். 1897 ஜனவரியில் காந்தி டர்பனில் இறங்கியபோது கூட்டம் அவரை அடித்தது, ஞாபகம் இருக்கும். அதே வருஷம் நேட்டால் ஒரு சட்டம் போட்டது: உள்ளே வர ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நிறம் என்ற சொல்லே அதில் வராது. லண்டனில் காலனி மந்திரியாக இருந்த சேம்பர்லினுக்கு இது பிடித்துப்போய் மற்ற காலனிகளுக்கும் சிபாரிசு செய்தார். ஆக, ஆஸ்திரேலியாவில் சீனர்களைத் தடுத்த கதவு, முதலில் நம்ம ஆட்களைத் தடுக்கச் செய்யப்பட்டது.

ஆஸ்திரேலியா அதை இன்னும் கூர்மையாக்கியது. அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது வார்த்தை வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்வது அதிகாரி. உங்களுக்கு நல்லா ஆங்கிலம் வருமா? அப்போ வேற மொழியில வாசிப்பார். ஐஇஎல்டிஎஸ் எழுதப் போன இடத்தில் ஜெர்மன் பேப்பர் கொடுத்த மாதிரி. 1934-இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளரை விரட்ட நினைத்தார்கள். அவருக்கோ பல மொழி தெரியும். என்ன கொடுப்பது? ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! அதெல்லாம் இந்தச் சட்டம் சொல்கிற ஐரோப்பிய மொழி ஆகாது என்று ஹைகோர்ட் அந்தப் பரீட்சையை ரத்து செய்தது. அது நம்ம காலகட்டத்துக்குப் பிந்தைய கதை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரலை.

மினஹனின் கேஸுக்கு முன்னால் இன்னொரு கேஸையும் தெரிஞ்சுக்கணும். 1906, ராப்டெல்மஸ் எதிர் பிரென்னன். பசிபிக் தீவுகளிலிருந்து குவீன்ஸ்லாந்து கரும்புக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப 1901-இல் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. அனுப்பப்படவிருந்த தீவுவாசி ஒருத்தர், பாராளுமன்றத்துக்கு இந்த அதிகாரமே கிடையாது என்று வாதாடினார். மூணு நீதிபதிகளும் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். தன் சமூகத்துக்குள் யாரை வைத்துக்கொள்வது, யாரை வெளியேற்றுவது என்பது ஒரு தேசத்தின் உரிமை என்றார்கள். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான தீவுவாசிகள் கப்பல் ஏற்றப்பட்டார்கள். ரொம்ப வருஷமாக அங்கேயே வாழ்ந்தவர்களும் அதில் உண்டு.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் இருக்கு. திருப்பி அனுப்பும் சட்டம் வந்தது பார்ட்டன் பிரதமராக இருந்தபோது. கிரிஃபித் இன்னும் சிக்கல். அவர் 1885-இல் குவீன்ஸ்லாந்துக்குத் தீவுத் தொழிலாளர்களைக் கொண்டுவருவதை நிறுத்தச் சட்டம் போட்டவர். பிறகு 1892-இல் தோட்ட முதலாளிகளின் நெருக்கடியில் மனசு மாறி, திரும்பவும் கொண்டுவரலாம் என்று கதவைத் திறந்தவரும் அவரே. அப்படித் திறந்த கதவு வழியாக வந்தவர்களை அனுப்பலாமா கூடாதா என்று 1906-இல் உட்கார்ந்து கேட்கிறார். நான் அவரை வில்லன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அவருக்குப் பதிலாக வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

இப்போ மினஹன். அப்பா சியோங் மிங், விக்டோரியாவின் வடகிழக்கில் தங்கச் சுரங்கப் பகுதியில் கடை வைத்திருந்த சீனர். அம்மா வினிஃப்ரெட் மினஹன், வெள்ளைக்காரப் பெண். 1876-இல் மெல்பர்னில் பிறந்த பையனை ஐந்து வயசில் அப்பா சீனாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். இருபத்தாறு வருஷம் அங்கேதான். படிப்பு, மொழி, பழக்கம் எல்லாமே சீனம். பெயரோடு ஒட்டியிருந்தது மட்டும் அம்மாவின் குடும்பப் பெயர்.

சுங்க அதிகாரி பாட்டர் கேஸ் போட்டார். கீழ்க் கோர்ட் மினஹனை விடுவித்தது. பாட்டர் விடாமல் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனார். 1908 அக்டோபரில் தீர்ப்பு.

சட்டக் கேள்வி கேட்கச் சின்னதுதான். பரீட்சையில் தோற்றால் 'தடை செய்யப்பட்ட குடியேறி'. ஆனால் அதற்கு முன்னால் அவர் குடியேறியாக இருக்கணுமே? அரசியல் சட்டம் பாராளுமன்றத்துக்குக் கொடுத்திருப்பது 'குடியேற்றம்' பற்றிச் சட்டம் போடும் அதிகாரம். வீட்டுக்குத் திரும்பி வர்றது குடியேற்றமா?

இல்லை என்றது பெரும்பான்மை. கிரிஃபித்தின் வாதம் எளிமையானது: பிறக்கும்போதே ஒரு மனிதன் ஏதோ ஒரு சமூகத்தின் உறுப்பினர் ஆகிறான், சட்டம் வெளியேற்றாதவரை அங்கே இருக்கவும் திரும்பி வரவும் அவனுக்கு உரிமை உண்டு. ஐந்து வயசுப் பையன் தானாக முடிவெடுத்தா ஊரை விட்டுப் போனான்? ஓ'கானர் சொன்ன ஒரு விஷயத்தை ஆஸ்திரேலிய வக்கீல்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். மனிதர்களின் அடிப்படை உரிமையைப் பறிக்க ஒரு சட்டசபை நினைத்தால், அதைச் சுற்றிவளைக்காமல் வெளிப்படையாக எழுத வேண்டும். பொதுவான வார்த்தைகளிலிருந்து நாமாக அப்படி ஊகிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். கவனிங்க, இப்படிச் சொன்னவர் அந்தக் குடியேற்றச் சட்டத்தைச் செனட்டில் நிறைவேற்றிய அரசாங்கத்தின் ஆள்.

மினஹன் உள்ளே வந்தார். 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை உச்சத்தில் இருந்தபோது, அதைக் கட்டினவர்களே அவருக்குக் கதவைத் திறந்தார்கள்.

ஆனால் அதே கேஸில் ஐசக்ஸ் வேறொரு அளவுகோலையும் எழுதி வைத்தார். வந்து இறங்கும் அந்த நேரத்தில், இந்த ஆள் ஆஸ்திரேலிய மக்கள் என்கிற சமூகத்தின் ஒரு பகுதியா, இல்லையா? கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கேள்விக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் பதிலாகாது. எத்தனை வருஷம் வெளியே இருந்தாய், என்ன மொழி பேசுகிறாய், யாரோடு வாழ்ந்தாய் என்று எல்லாமே உள்ளே வந்துவிடும். ஐசக்ஸ் போலந்துப் பக்கத்திலிருந்து வந்த யூதத் தையல்காரரின் மகன். வளர்ந்தது மினஹனின் அப்பா கடை வைத்திருந்த அதே வடகிழக்கு விக்டோரியாவில்.

ஓ'கானர் 1912-இல் இறந்தார். 1920-இல் பார்ட்டனும் கிரிஃபித்தும் போனார்கள். பழைய ஐந்து பேரில் மிச்சம் ஐசக்ஸும் ஹிகின்ஸும். 1925-இல் அதே கோர்ட்டுக்கு வாங் சாவ் என்ற பெண்ணின் கேஸ் வந்தது. மினஹன் மாதிரியே ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். மினஹன் மாதிரியே சின்ன வயசில் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பெரியவளான பிறகு திரும்பி வந்தவர். பரீட்சையில் தோற்றிருந்தார்.

கோர்ட் இந்த முறை அவர் குடியேறிதான் என்றது.